மூணு சைபரில் இருக்கு குட்டைக் கணக்கு

டேங்கில் பஞ்சகவ்யா எவ்வளவு ஊத்தணும்? பண்ணைக்குட்டைத் தண்ணி எத்தனை பாய்ச்சலுக்கு வரும்? இரண்டுக்கும் ஒரே வாய்ப்பாடுதான்.

1,000 மி.லி. ஒரு லிட்டர். 1,000 லிட்டர் ஒரு கன மீட்டர். சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போக 1,000-ஆல் வகுக்கணும். திரும்பி வர 1,000-ஆல் பெருக்கணும். சி.சி. என்று போட்டிருந்தால் அதுவும் மி.லி.தான்.

முதலில் தெளிப்பு. 3 சதவீதம் என்றால் 100 லிட்டருக்கு 3 லிட்டர். 10 லிட்டர் டேங்குக்கு 300 மி.லி., 16 லிட்டர் டேங்குக்கு 480 மி.லி. டேங்க் மாறினால் அளவும் மாறணும். பழைய டம்ளர் கணக்கிலேயே ஊத்தினால் கரைசல் நீர்த்துப் போயிடும்.

இனி குட்டை. இங்கேதான் பணமும் பயிரும் மாட்டிக்கொள்கின்றன. மேல்வாய் 20க்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர். பெருக்கினால் 800 கன மீட்டர், அதாவது 8 லட்சம் லிட்டர். ஆனால் கரை சரிவாகத்தானே வெட்டுறோம்? அடித்தளம் 14க்கு 14 என்றால், நடு ஆழத்தில் 17க்கு 17 இருக்கும்.

மேல் பரப்பு 400, அடிப் பரப்பு 196, நடுப் பரப்பைப்போல் நாலு மடங்கு 1,156. கூட்டினால் 1,752. அதை 6-ஆல் வகுத்து, ஆழம் 2-ஆல் பெருக்குங்க. 584 கன மீட்டர், அதாவது 5,84,000 லிட்டர்தான்!

மண் வெட்டுக்கூலியை 800-க்குக் கொடுத்தால், வெட்டாத 216 கன மீட்டருக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

பயிர்க்கணக்கு இன்னும் முக்கியம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணி கட்டினால் சுமார் 202 கன மீட்டர், அதாவது இரண்டு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வேணும். 800 என்று நினைத்தவர் ஏக்கருக்கு நாலு தண்ணி கிடைக்கும்னு விதைப்பார். உள்ளபடி மூணுகூட முழுசா வராது. வெயிலும் கசிவும் எடுத்துக்கொள்வது போக, இரண்டு தண்ணியை மட்டும் நம்பலாம். மீதி இரண்டுக்கு மழை வரலைன்னா, கதிர் வரும் நேரத்தில் பயிர் காயும்.

வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்றேன்: கையிருப்பு தெரியாமல் செக் எழுதக்கூடாது. குட்டை வெட்டி முடிந்ததும், மழை நிரப்புவதற்கு முன்னாடியே டேப்போடு இறங்கி அடித்தளத்தை அளந்துடுங்க. நிரம்பின பிறகு அளக்க முடியாது. அந்தக் கன மீட்டரை நோட்டில் எழுதி வைங்க. எத்தனை சென்ட் விதைக்கலாம்னு அப்புறம் முடிவு பண்ணுங்க.