அம்மாவுக்குத் தெரியாத நிலநடுக்கம்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். கீழ்பென்னாத்தூரில் இருக்கிற எங்கள் பழைய வீட்டின்மேல் ஒரு மாடி எடுக்கணும் என்று தம்பிக்கு ரொம்ப நாளாக ஆசை. அளவு எடுக்க வந்தவரிடம், "ஜன்னலுக்கு மேல, லின்டல் மட்டத்துல வீட்டைச் சுத்தி ஒரு பெல்ட் ஓட்டணும், மூலைக்கு மூலை கம்பி விடணும்" என்று ஆரம்பித்தேன். எதுக்கு என்றார். நிலநடுக்கத்துக்கு என்றேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

"நம்ப ஊர்லயா சார்? அண்ணாமலையார் உக்காந்திருக்கற மண்ணு இது. நாப்பது வருசமா வீடு கட்டறேன், ஒரு தடவையாச்சும் ஆடியிருக்குமா?"

ஆடியிருக்கு. 2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டரைக்கு நாலு நிமிஷம் முன்னால். நான் பி.ஈ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த வருஷம் அது. டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்து, கேம்பஸில் வேலை கொடுத்தவர்களே "அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்" என்று கடிதம் போட்டுக்கொண்டிருந்த நேரம். பின்கட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். முதலில் லோடு லாரி ஒன்று தெருவில் திரும்புகிற மாதிரி ஒரு உறுமல். அடுத்த நொடி பரணில் அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரங்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. ஐந்தாறு நொடிதான் இருக்கும். அம்மா, "பூனை பூந்துடுச்சுடா" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, "இந்நேரத்துல எவன்டா குவாரில வெடி வெக்கிறது" என்று திட்டினார். மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது: பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் நிலநடுக்கம், அளவு 5.5. எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

மேஸ்திரிக்கு அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தாலும் அவர் அதைக் குவாரி வெடி என்றுதான் கணக்கு வைத்திருப்பார்.

இரண்டாவது அனுபவம் 2012 ஏப்ரல் 11. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கட்டடத்தில் பதினோராவது மாடியில் எனக்கு வேலை. மதியச் சாப்பாடு முடிந்து, ரெண்டேகால் வாக்கில் சீட்டில் இருந்தேன். தலை சுற்றியது. முதல்நாள் சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் எதிர் சீட்டுப் பெண்ணும் மேஜையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பாட்டிலில் தண்ணீர் மெல்ல இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. சத்தமே இல்லை. எதுவும் கடகடக்கவில்லை, எதுவும் விழவில்லை. படகில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு குமட்டல். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நீடித்தது. யாரோ கத்த, மொத்தத் தளமும் படிக்கட்டுக்கு ஓடியது. நானும்தான். நெரிசலில் ஒருவர் சறுக்கியிருந்தால் நிலநடுக்கம் செய்யாததை நாங்களே செய்திருப்போம்.

நாலு மணிக்கு மேல் சுமத்ராவில் இன்னொன்று. அதற்குள் எல்லோரும் ரோட்டில் நின்று வீட்டுக்கு போன் அடித்துக்கொண்டிருந்தோம். லைன் கிடைக்கவே இல்லை. ஒருவழியாக அம்மா எடுத்தபோது பதற்றத்தோடு, "வீடு ஆடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எது ஆடுச்சு? மாடில மல்லாட்டை காயப் போட்டுட்டு இருக்கேன். அப்புறம் பேசறேன் வெய்யி."

முதல் அதிர்வு 8.6, இரண்டாவது 8.2. முதலாவதை 2001 பாண்டிச்சேரி அதிர்வோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 5.5-க்கும் 8.6-க்கும் இடையே இருக்கிற 3.1 என்பது ஏறத்தாழ 45,000 மடங்கு. அந்தச் சின்னது எங்கள் பரணை உலுக்கியது. இந்தப் பெரியது மொட்டை மாடியில் நின்ற அம்மாவுக்குத் தெரியவே இல்லை. ஆனால் அதே மதியம் சென்னையில் ஆயிரக்கணக்கான பேர் அலுவலகங்களை விட்டு ஓடினார்கள். தூரம் ஒரு காரணம்தான், சுமத்ரா அதிர்வு நடந்த இடம் சென்னையிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். ஆனால் சென்னைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் தூரத்தில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லையே. இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. சனி ஞாயிறுகளில் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

விடை ஊஞ்சலில் இருக்கு. ஊஞ்சலுக்கு என்று ஒரு அலைவு நேரம் உண்டு, ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம். அந்தத் தாளத்துக்குத் தள்ளினால் சின்னப் பையன் தள்ளினாலும் உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் பெரியவர் தள்ளினாலும் போகாது. பிளஸ் டூ பாடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தது இதுதான். கட்டடமும் தலைகீழாக நட்டுவைத்த ஊஞ்சல் மாதிரிதான். தோராயக் கணக்கு: ஒரு மாடிக்கு 0.1 நொடி. ஐ.எஸ். 1893 என்கிற நம் நாட்டு விதிநூல், கான்கிரீட் தூண் கட்டடங்களுக்கு ஒரு சூத்திரம் தருகிறது. மீட்டரில் உயரத்தை 0.75 படிக்கு உயர்த்தி 0.075-ஆல் பெருக்கணும். எங்கள் ஆபீஸ் கட்டடம் 36 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.1 நொடி வருது. ஒரு தள வீடு என்றால் 0.2 நொடிக்கும் கீழே. சுவரே பாரம் தாங்குகிற எங்கள் வீடு மாதிரியானது இன்னும் விறைப்பு, இன்னும் வேகமாக அதிரும்.

இப்போது மறுபக்கம். நிலநடுக்கம் ஒரே அலையை அனுப்புவதில்லை. வேகமாகத் துடிக்கிற அலைகள், மெதுவாக அசைகிற நெடிய அலைகள் எல்லாம் கலந்து கிளம்பும். பாறை வழியாகப் போகப் போக வேகத் துடிப்புகள் சீக்கிரம் செத்துவிடும். நெடியவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டும். திருவிழாவில் மைக் செட் பக்கத்தில் நின்றால் நாதஸ்வரமும் கேட்கும், தவிலும் கேட்கும். ரெண்டு ஊர் தள்ளி நின்றால் வெறும் தும்தும் மட்டும் வருமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. 2012-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தது தும்தும் மட்டும். அது உயரமான கட்டடங்களின் தாளத்தோடு ஒத்துப்போனது. எங்கள் வீட்டின் தாளத்தோடு ஒத்துப்போகவில்லை. தரை அங்கேயும் அசைந்துதான் இருக்கும், வீடும் அம்மாவும் மல்லாட்டையும் சேர்ந்தே மெல்லப் போய் மெல்லத் திரும்பியிருப்பார்கள். 2001-ல் வந்தது நேர் எதிர்: பக்கத்திலிருந்து கிளம்பின, கூர்மையான துடிப்பு. குட்டை வீடுகளுக்கும் பரணில் இருக்கிற பாத்திரங்களுக்கும் பொருத்தமான தாளம்.

மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 1985-ல் மெக்சிகோ நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும் சிதைந்தது. பழைய ஏரிப் படுகைச் சேற்றின்மேல் கட்டின நகரம் அது. சேறு இரண்டு நொடித் தாளத்தில் ஆட, அதே தாளம் கொண்ட நடுத்தர உயரக் கட்டடங்கள் அதிகமாக விழுந்தன. எங்கள் பக்கம் தோண்டினால் சீக்கிரம் பாறை வந்துவிடும், அந்த ஒரு விஷயத்தில் மேஸ்திரியின் நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கு.

ஆக, "நான் என்ன உணர்ந்தேன்" என்பது நிலநடுக்கத்தின் சைஸைச் சொல்வதில்லை. நிலத்துக்கும் நான் நின்ற கட்டடத்துக்கும் நடந்த பேச்சுவார்த்தையைச் சொல்லுது. ஆனால் அதற்காக அனுபவங்களை ஒதுக்கிவிட முடியாது. 1897 அசாம் பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டாம், கருவிப் பதிவுகளோடு பல ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பிய விவரங்களையும் வைத்துத்தான் வேலை செய்தார். வேறு வேறு வேகத்தில் வரும் அலைகளைப் பதிவுகளில் பிரித்துக் காட்டியவரும் அவரே. இன்றைக்கும் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் இணையதளத்தில் "உணர்ந்தீர்களா" என்று ஒரு படிவம் இருக்கு. தொங்குகிற பொருள் ஆடியதா, பாத்திரம் கடகடத்ததா, எந்த மாடியில் இருந்தீர்கள் என்றெல்லாம் கேட்கும். மாடியை எதுக்குக் கேட்கிறார்கள் என்று இப்போது புரியும்.

இடையில் ஒரு அனுபவத்தைத் தாண்டிவிட்டேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆறரை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்றாவது மாடி. கட்டில் மெல்ல அசைந்த மாதிரி இருந்தது, ரூம்மேட் உதைக்கிறான் என்று திரும்பிப் படுத்தேன். அது 9.1. இரண்டு மணி நேரம் கழித்துக் கடல் மெரினாவுக்குள் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். மேன்ஷன் பசங்க ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகிறது வழக்கம். அன்றைக்கு நான் போகாததற்கு அறிவு காரணம் இல்லை, சோம்பேறித்தனம்தான். சத்தமில்லாத, நீண்ட, குமட்டுகிற ஆட்டம் என்றால் எங்கோ தூரத்தில் மிகப் பெரிய ஒன்று நடந்திருக்கு என்று அர்த்தம், கடலோரத்தில் இருந்தால் உள்ளே நகரணும். இந்த ஒரு வரி அன்றைக்கு அந்தக் கரையில் எங்கள் யாருக்கும் தெரியாது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2012-ல் ஒன்றும் தெரியவில்லை என்பதால் எங்கள் ஊர் வீடு கெட்டி என்று அம்மாவும் தம்பியும் நினைக்கிறார்கள். நான் படித்ததை வைத்துப் பார்த்தால் அது வீட்டுக்கு வைத்த பரீட்சையே இல்லை. அதன் தாளத்தில் வரக்கூடிய பரீட்சை வேறு: பக்கத்தில், ஆழம் குறைவாக, நடுத்தர அளவில் ஒன்று. "தக்காணப் பாறை, 200 கோடி வருஷத்துக்கு மேல் பழசு, ஆடாது" என்பார்கள். மகாராஷ்டிராவின் லாத்தூர் பக்கம் கில்லாரியையும் அப்படித்தான் சொன்னார்கள். அப்போதைய வரைபடத்தில் அது மண்டலம் 1, நாட்டிலேயே ஆபத்துக் குறைந்த வகை. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன், 6.2. கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் தூக்கத்திலேயே போனார்கள். அவர்களைக் கொன்றது மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவரும், அதன்மேல் ஏற்றிய கனமான மண் கூரையும். அதே ஊர்களில் ஏழைகளின் கூரைக் குடிசைகள் நின்றன. அதற்கப்புறம் 2002-ல் வரைபடத்தைத் திருத்தியபோது மண்டலம் 1 என்பதையே எடுத்துவிட்டார்கள். சென்னையும் அப்போதுதான் 2-லிருந்து 3-க்குப் போனது.

நம் மாநிலத்திலும் நடக்காததில்லை. 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் ஒன்று வந்தது. பழைய கெட்டிப் பாறையில் அலைகள் அதிகம் தேயாமல் போவதால் தென்னிந்தியாவில் வெகுதூரம்வரை அது தெரிந்தது. 2021 நவம்பர் கடைசியில் வேலூர்ப் பக்கம் விடிகாலையில் 3.6 அளவில் ஒன்று, அவ்வளவு தூரமில்லை எங்களுக்கு. நாளைக்கே வரும் என்று பயமுறுத்தவில்லை. என் ஆயுளில் வராமலே போகலாம். ஆனால் எங்கள் பின்கட்டு ஒன்றரை அடிச் சுவர், செம்மண் சாந்து, நான்கு மூலையிலும் சுவரும் சுவரும் ஒட்டி நிற்கிறதே தவிரப் பிணைப்பு கிடையாது. கில்லாரி படங்களைப் பார்த்தவனுக்கு அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

பெல்ட் என்ன செய்யும்? அட்டைப்பெட்டிக்கு மூடி இல்லாமல் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், மூலை பிரிந்து சுவர்கள் தனித்தனியாகச் சாயும். சுற்றிலும் ஒரு கயிறு இறுக்கிக் கட்டி ஆட்டினால் நாலும் சேர்ந்தே நிற்கும். அவ்வளவுதான். நம் ஊரில் லின்டல் போடாதவர் இல்லை, ஆனால் கதவு ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போட்டு நிறுத்திவிடுவார்கள். அதையே வீடு முழுக்க அறுபடாமல் ஓட்டி, மூலையில் கம்பியை வளைத்து உள்ளே விட்டால் பெல்ட். ஏற்கெனவே நிற்கிற பழைய சுவர் என்றால் பூச்சைச் செதுக்கிவிட்டு, உள்ளேயும் வெளியேயும் வெல்டு மெஷ் பட்டையை வைத்து, ரெண்டையும் சுவர் வழியாகக் கம்பியால் கோர்த்து, சிமென்ட் பூசணும்.

தம்பியோடு ரெண்டு நாள் வாக்குவாதம். செம்மண் சுவர்மேல் மாடி ஏற்ற நான் ஒத்துக்கொள்ளவில்லை. கனம் கூடக் கூட, ஆடும்போது சுவரைத் தள்ளுகிற விசையும் கூடும். "நீ மெட்ராஸ்ல பதினோராவது மாடில உக்காருவே, நாங்க மட்டும் தரையிலயே கெடக்கணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கடைசியில் பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் தூண் போட்டுத் தனியாகக் கட்டுவது, பின்கட்டுக்கு மெஷ் பட்டை மட்டும் என்று முடிந்தது. மேஸ்திரி, "வேஸ்ட்டு செலவு சார், நீங்க சொல்றீங்கன்னு செய்யறேன்" என்றார்.

கிளம்புவதற்கு முன் பரணிலிருந்த பித்தளை அண்டா, குடம், பெரிய தவலை எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டேன். அம்மா அதற்கு நேர் கீழேதான் இத்தனை வருஷமும் படுத்துக்கொண்டிருக்கிறார். "இதை எல்லாம் எங்கடா வெக்கறது, நடக்க எடமில்ல பாரு" என்று இன்றைக்குக் காலையில்கூடப் போனில் திட்டு விழுந்தது.