அச்சுதானந்தனின் தேர்தல்களும் கட்சியும்

கேரள சட்டமன்றத்துக்குப் பத்து முறை போட்டியிட்ட வி. எஸ். அச்சுதானந்தன் (1923–2025) ஏழு முறை வென்றவர். எனினும், அவரது 1996ஆம் ஆண்டுத் தோல்வியே எமது கவனத்தை வேண்டி நிற்கின்றது. ஆலப்புழையிற் கயிற்றுத் தொழிலாளியாயிருந்து, குட்டநாட்டு விவசாயக் கூலிகளை அணிதிரட்டியவர் அவர். அத்தகையவர், கயிற்றுத் தொழிலாளரும் மீனவரும் செறிந்த மாராரிக்குளம் தொகுதியில், இடதுசாரி முன்னணி ஆட்சியைக் கைப்பற்றிய அதே தேர்தலில், 1965 வாக்குகளால் தோற்றார். முதலமைச்சர் பதவி இ. கே. நாயனாரைச் சென்றடைந்தது. வர்க்க அடித்தளம் சிதைந்தமையாலன்று, மார்க்சிஸ்ட் கட்சியின் உட்குழுப் பூசலாலேயே இது நேர்ந்ததெனப் பலரும் கருதினர். எமக்கும் அவ்வாறே படுகின்றது.

2001இல் அவர் பாலக்காட்டு மலம்புழைத் தொகுதிக்கு மாறினார். 2006இல் கட்சி முதலில் அவரை வேட்பாளராக்க மறுத்தது. தொண்டர்கள் தெருவிலிறங்கிய பின்னரே முடிவு மாறிற்று. அவர் முதலமைச்சருமானார். இதனைத் தனிமனித வழிபாடென ஒதுக்குதல் எளிது (எம்மிடையேயும் அவ்வாறு கூறுவோர் உளர்). ஆயின், சனநாயக மத்தியத்துவம் மேலிருந்து கீழாக மட்டுமே இயங்குமிடத்து, கட்சிக்குள் கேட்கப்படாத குரல் ஒரு வேட்பாளரின் பெயராக வெளிப்பட்டதென்றே நாம் கொள்கின்றோம். 2016இல், தமது 92ஆவது வயதில், அவர் மலம்புழையில் மீண்டும் வென்றார்; முதலமைச்சரானவர் பினராயி விஜயன்.