பாலா, பரம்பரையா?

என் பாட்டி மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது, "வம்சத்து நோய்" என்றனர் ஊரார். அன்றுமுதல் அம்மாவுக்கு அச்சம். விலங்கியல் படிக்கவந்த எனக்கும் அதுவே கேள்வி.

சுண்டெலிகளில் இதை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்து ஜான் பிட்னர். புற்று மிகுந்த இனத்துக் குட்டிகளைப் பிறந்தவுடன் பிரித்து, புற்று அரிதான இனத்துத் தாய்களிடம் பாலுண்ண விட்டார். புற்று வெகுவாகக் குறைந்தது. இம்முடிவு 1936இல் வெளியாயிற்று. பாலில் வந்தது வைரஸ் என்பது பின்னர் தெரிந்தது.

அப்படியானால் பரம்பரைக்கு வேலையே இல்லையா? உண்டு! இவ்வைரஸ் குடல்வழி புகுந்து, நோய் எதிர்ப்புக்கான பி செல்களைப் பற்றுகிறது. அதன் புரதமொன்று குறிப்பிட்ட டி செல்களைத் தூண்டிவிட, அவற்றின் துணையால் பி செல்கள் பெருகுகின்றன. வைரஸும் பால்சுரப்பி வரை போய்ச் சேர்கிறது. சில எலிகளின் மரபணுக்களிலேயே பழைய வைரஸின் நகல் உண்டு. அது உண்டாக்கும் புரதத்தால் அந்த டி செல்கள் தைமஸ் சுரப்பியிலேயே அழிந்துபோகின்றன. அதே டி செல்களை நம்பிப் பாலில் வரும் புது வைரஸ் ஏமாந்துபோகும்! 1992இல் அப்புரதத்தின் மரபணுவை எலிகளில் புகுத்திப் பார்த்தனர். அவை தொற்றுக்குத் தப்பின. வம்சமே காவலாயிற்று.

அம்மாவிடம் சொன்னேன். "எலிக்குத்தானே?" என்றார். ஆம், எலிக்குத்தான். ஆனாலும் மருத்துவமனைக்கு ஒருமுறை வரச் சம்மதித்திருக்கிறார்.