பத்து வயதுப் பையன் எழுதிய மதிப்புரை

1936ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டனில் பதிப்பகம் நடத்திவந்த ஸ்டான்லி அன்வினிடம் ஒரு தட்டச்சுப் பிரதி வந்திருந்தது. எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். கதையில் ஒரு குட்டையான ஆசாமி, ஒரு மந்திரவாதி, ஒரு டிராகன், மலைக்குள் புதையல். பிள்ளைகளுக்கான புத்தகத்தைப் பிள்ளைகளே படித்துச் சொல்ல வேண்டும் என்பது அன்வினின் எண்ணம். பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்தார். படித்து ஒரு சிறு அறிக்கை எழுதிக் கொடுத்தால் ஒரு ஷில்லிங் கூலி.

பையன் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு பத்தி. கதை என்னவென்று சொன்னான். வரைபடங்கள் இருப்பதால் படங்கள் தேவையில்லை என்றான். ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றான். மறு ஆண்டு செப்டம்பரில் டோல்கினின் ‘தி ஹாபிட்’ வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக வளர்ந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954-55இல் மூன்று பகுதிகளாக வருவதற்கு முன், அதைப் போட்டே ஆக வேண்டும் என்று தந்தையிடம் வாதாடியவரும் அதே ரேய்னர்தான். அப்போது அவர் பதிப்பகத்தில் பொறுப்பில் இருந்தார். ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இதேபோல, ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. புளூம்ஸ்பெரி பதிப்பகத் தலைவரின் எட்டு வயது மகள் தொடக்க அத்தியாயத்தைப் படித்துவிட்டு ‘மீதி எங்கே?’ என்று விடாமல் கேட்டாள். புத்தகம் 1997இல் வந்தது. அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய கிறிஸ்டோபர் பாவோலினியின் ‘எராகன்’ நாவலை 2002இல் அவர் குடும்பமே அச்சிட்டு விற்றது. எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் வளர்ப்பு மகன் ஒரு பிரதியைப் படித்துவிட்டு அப்பாவிடம் சிலாகித்தான். அவர் தன் பதிப்பகத்தாரிடம் சொன்னார். 2003இல் பெரிய பதிப்பகமான நாஃப் அதை மறுபடி வெளியிட்டது.

மூன்று இடங்களிலும் கதவைத் திறந்தது ஒரு சிறு வாசகரின் சொல். இன்று அந்த வேலை கைபேசியில் நடக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாங்கள் படித்த மாயக்கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டி யோசனை கேட்கிறார்கள். ஃபேன்டசி, மிகுபுனைவு, மாயக்கதை என்று பெயர் எதுவானாலும், தானே ஓர் உலகத்தை உண்டாக்கி எழுதும் ஆசை அவர்களுக்கு. இந்தக் கொடுக்கல் வாங்கலை உருப்படியாகச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் புத்தகம் சொல்வது. ‘செம புத்தகம், கட்டாயம் படி’ என்பதால் யாருக்கும் பயனில்லை. எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு நின்றது, எந்த வயதுக்காரருக்கு ஒத்துவரும், அதில் புதிதாக இருப்பது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். ரேய்னர் ஒரு பத்தியில் செய்தது ஏறக்குறைய இதையே.

எடுத்துக்காட்டாக நான் ஒரு புத்தகம் சொல்கிறேன். உர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’, 1968இல் வந்தது. நூற்றுக்கணக்கான தீவுகள் உள்ள ஒரு கடலுலகம். அதில் ஆடு மேய்க்கும் ஒரு பையன், கெட் என்பது அவன் பெயர். மந்திரம் படிக்கப் போன இடத்தில் வீம்புக்காக, செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிடுகிறான். ஒரு நிழல் விடுபட்டு அவனைத் துரத்துகிறது. அந்த உலகத்தில் மந்திரம் என்பது பெயர்தான்: ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதன்மேல் ஆட்சி கிடைக்கும். அதனால் யாரும் தங்கள் உண்மைப் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்; மிக நெருங்கிய நண்பனிடம் அதைச் சொல்வது தன்னையே ஒப்படைப்பதற்குச் சமம். நம் ஊரில் இராத்திரியில் பாம்பு என்று சொல்லாமல் ‘பூச்சி’ என்று சொல்லும் பாட்டிகளுக்கு இந்தப் புத்தகம் உடனே புரியும். கெட்டின் தோல் செம்பழுப்பு நிறம், அவன் உற்ற நண்பன் கறுப்பு. 1968இல் அது பெரிய துணிச்சல். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருந்தும். போர்க்காட்சிகளை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்த நிழல் எது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன், அது நீங்களே போய்ச் சேர வேண்டிய இடம்.

எழுதுகிற பிள்ளைகள் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னால் நல்லது: இந்தப் புத்தகத்திலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம்? எர்த்ஸீயில் ஒரே ஒரு விதியை வைத்து ஓர் உலகத்தின் நட்பு, பயம், மரியாதை எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார் லெ குவின். அதைக் கவனித்துப் படிப்பவருக்கு அது ஒரு பாடம்.

இனி எழுத்து யோசனைகள். இளம் எழுத்தாளர்கள் அதிகம் பேசுவது மந்திரத்தின் விதிகளைப் பற்றி. இதற்கு மூலம் பெரும்பாலும் பிராண்டன் சாண்டர்சன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் கதை எழுதக் கற்றுக்கொடுப்பவர் அவர். வகுப்புகளின் காணொளிகளை யூடியூபில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 2007இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: மந்திரத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்கப் போகிறீர்கள் என்றால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவர் பின்னர் சேர்த்த இரண்டாவது விதி, சக்தியைவிட அதன் எல்லைதான் கதைக்கு முக்கியம் என்கிறது. மூன்றாவது, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் இருப்பதை ஆழப்படுத்தச் சொல்கிறது.

2006இல் வந்த அவருடைய ‘மிஸ்ட்பார்ன்’ நாவலைப் பார்த்தால் இது விளங்கும். அதில் சிலர் உலோகத் துகளை விழுங்கி வயிற்றில் ‘எரித்து’ச் சக்தி பெறுகிறார்கள். எஃகை எரித்தால் எதிரே உள்ள உலோகத்தைத் தள்ளலாம். தள்ளப்படும் பொருள் உங்களைவிட எடை குறைவென்றால் அது பறக்கும். உங்களைவிட எடை அதிகம் என்றால், அல்லது தரையில் ஊன்றி நின்றால், நீங்கள் பறப்பீர்கள். அதனால் நாயகி வின் ஒரு காசைக் கீழே போட்டு, அதைத் தள்ளி, கூரைமேல் தாவுகிறாள். வயிற்றில் உலோகம் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. விதி தெரிந்துவிட்டதால், அவள் மாட்டிக்கொள்ளும்போது நாமும் அவளோடு சேர்ந்து வழி தேடுகிறோம். அந்த இன்பத்துக்காகத்தான் விதி.

இந்த ஞானம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம். பேசாமல் கொண்டுபோனால்தான் காரியம் கைகூடும். வேதாளமோ ஒரு கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டே நிபந்தனைகள், இரண்டும் ஒன்றையொன்று இறுக்குகின்றன. இந்தச் சட்டகம் எவ்வளவு உறுதியானது என்றால், மூலக்கதைகள் தீர்ந்த பிறகும் அம்புலிமாமா புதுப்புதுக் கதைகளை அதே தோளில் ஏற்றிப் பல பத்தாண்டுகள் நடத்தியது. மந்திர விதி எழுதப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் விதி இல்லாமலும் கதை நிற்கும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் வரும் மந்திரவாதி காண்டால்ஃபின் மந்திரத்துக்கு எல்லை எது என்று டோல்கின் எங்குமே பட்டியல் போடவில்லை. அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் கதையின் பெரிய முடிச்சை அவிழ்ப்பவர் காண்டால்ஃப் இல்லை. கதையின் மையமான மோதிரத்தின் விதியோ பளிச்சென்று இருக்கிறது: அணிந்தால் மறைந்துபோகலாம், அணிய அணிய உன்னை அது தின்னும். எந்த மந்திரத்தால் முடிவு வருகிறதோ அதைத் தெளிவாக வையுங்கள், மற்றது மூடுபனியில் இருக்கட்டும். ‘உன் மந்திரத்துக்கு விதியே இல்லையே’ என்று நண்பர் கேட்டால், அவர் கேட்பது எந்த மந்திரத்தைப் பற்றி என்று பாருங்கள்.

உலகத்தைக் கட்டுவதிலேயே மூழ்கிப்போவது இன்னொரு தொல்லை. மூன்று ஆண்டுகள் வரைபடம், நாணயம், அரச வம்சாவளி என்று நோட்டு நோட்டாக எழுதிவிட்டு முதல் அத்தியாயத்தைத் தொடாத பிள்ளைகள் நிறைய. அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அதுவும் ஒரு மகிழ்ச்சிதான். லெ குவினும் எர்த்ஸீக்கு முதலில் வரைந்தது வரைபடத்தைத்தான். ஆனால் அந்தத் தீவுகளில் பலவற்றுக்கு, கெட் படகில் போய் இறங்கிய பிறகே உயிர் வந்தது. ஆள் நடக்காத தெருவை வாசகர் பார்ப்பதில்லை.

பார்த்துப் பழகிய உலகத்தையே திரும்பக் கட்டுவதும் உண்டு. டயானா வின் ஜோன்ஸ் 1996இல் மாயக்கதை நாடுகளுக்குச் சுற்றுலா வழிகாட்டி போல ஒரு புத்தகம் எழுதினார். அங்கே எல்லா ஊரிலும் ஒரே சாப்பாடு, இறைச்சியைக் குழைய வேகவைத்த ஸ்டூ. வழிப்பயணத்தில் அவசரமாகச் சாப்பிட வேண்டியவர்கள், வேக மணிக்கணக்காகும் ஒன்றை ஏன் சமைக்கிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. குதிரைகள் களைப்பதே இல்லை. நம் பிள்ளைகள் தமிழில் எழுதும்போதும் பனி பெய்கிறது, கற்கோட்டையில் கணப்பு எரிகிறது. எழுதட்டும், தவறில்லை. ஆனால் சிரித்து ஆளை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை நம் கதைகளில் காத்திருக்கிறாள். அவளை ஒரு பதினைந்து வயதுப் பெண் எழுதிப் படிக்க எனக்கு ஆசை.

பேச்சுமொழி பற்றியும் ஒரு வார்த்தை. ராஜா என்றால் நாடகத் தமிழ், சூனியக்காரி என்றால் உறுமல் என்று எழுதாதீர்கள். அந்த ராஜா பசித்தால் எப்படிப் பேசுவார் என்று யோசியுங்கள்.

அடுத்தவர் எழுதியதைப் படித்து என்ன சொல்வது? ‘இப்படி மாற்று’ என்று சொல்வதைவிட, ‘மூன்றாம் பக்கத்தில் எனக்குக் கவனம் சிதறியது’, ‘அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று புரியவில்லை’, ‘கிணற்றுக்குள் இறங்கும் இடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டேன்’ என்று சொல்லுங்கள். இந்தத் தகவலை எழுதியவர் தானாகப் பெறவே முடியாது. தீர்வை அவர் கண்டுபிடித்துக்கொள்வார். வாங்கிக்கொள்பவரும், இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்; ஒருவர் மட்டும் சொன்னால் பொறுத்திருக்கலாம். முன்பின் அறியாதவர்களிடம் ஓர் அத்தியாயத்துக்குமேல் காட்ட வேண்டாம். உங்கள் பள்ளி, ஊர், வயது எதையும் அவர்களிடம் சொல்லவும் வேண்டாம்.

யோசனை சொல்பவர் பெரியவர் என்பதால் அது சரியாகிவிடாது. 1837இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதி, தன் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்ட இருபது வயதுப் பெண்ணுக்குப் பதில் எழுதினார். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்பது அவர் அறிவுரை. அந்தப் பெண் சார்லட் பிரான்டி. பத்தாண்டு கழித்து ‘ஜேன் அயர்’ வந்தது.

அவருக்கு உண்மையான பட்டறை வீட்டுக்குள் இருந்தது. 1826 ஜூனில் அப்பா லீட்ஸ் நகரிலிருந்து தம்பி பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். சார்லட்டுக்கு அப்போது வயது பத்து, கடைக்குட்டி ஆனுக்கு ஆறு. நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயர் வைத்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு நாடு, அரசியல், போர் எல்லாம் உண்டாயின. சிப்பாய்கள் படிக்க வேண்டுமே என்று தீப்பெட்டி அளவில் பத்திரிகை தயாரித்தார்கள்: அச்செழுத்து மாதிரி பொடிப்பொடியாக எழுதி, கையால் தைத்து. அதில் கதை, கவிதை மட்டுமல்ல, புத்தக மதிப்புரையும் விளம்பரமும் இருந்தன. பிறகு தங்கைகள் எமிலியும் ஆனும் பிரிந்துபோய் கோண்டால் என்ற தங்கள் சொந்த நாட்டை உண்டாக்கிக்கொண்டார்கள்.

பெரியவர்களான பிறகும் பழக்கம் விடவில்லை. ஹாவர்த் என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில், இரவு வேலைகள் முடிந்ததும், மூன்று சகோதரிகளும் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி, எழுதியதைப் படித்துக்காட்டி, பேசி, சண்டை போடுவார்கள். 1847இல் வந்த ‘ஜேன் அயர்’, எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ இரண்டுக்கும் முதல் கேட்பாளர்கள் அந்த அறையில் இருந்தவர்களே. 1848 டிசம்பரில் எமிலி இறந்தார், மறு ஆண்டு மே மாதம் ஆன். அதற்குப் பிறகும் இரவு அந்த நேரம் ஆனால், சார்லட் தனியே மேசையைச் சுற்றி நடக்கும் காலடிச் சத்தம் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.