நவம்பர் மழையும் நுங்கம்பாக்கத்துக் கணக்கும்

கார்த்திகை மாதத்துக் காலை வேளையில் பத்திரிகையைப் பிரித்து, சென்னையில் மழை இயல்பைவிட இத்தனை சதவீதம் அதிகம் என்றோ குறைவு என்றோ ஒரு வரியைப் படித்ததும், அதிகமென்றால் ஏரி நிரம்பிற்றா என்றும், குறைவென்றால் வருகிற கோடையில் லாரித் தண்ணீர் என்ன விலைக்கு விற்குமோ என்றும் யோசிக்கத் தொடங்கிவிடுகிற நாம், அந்த 'இயல்பு' என்பதை யார், எந்தப் பிரமாணத்தைக்கொண்டு நிர்ணயித்தார்கள் என்று கேட்பது அபூர்வம்.

கேட்கப் புறப்பட்டால் முதலில் நுங்கம்பாக்கத்துக்குத்தான் போகவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் வருஷத்தில் அங்கே ஒரு வானாராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். நட்சத்திரங்களின் கதியை அளக்க வைத்திருந்த கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண், தமிழிலும் தெலுங்கிலும் லத்தீனிலும் பொறித்த எழுத்துக்களோடு, கல்லூரிச் சாலையிலுள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. வானத்து மீன்களை எண்ண வந்தவர்கள் வெயிலையும் மழையையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். அதனால்தான் இந்தியாவில் மிகப் பழமையான மழைக்கணக்கு வைத்திருக்கும் நகரங்களில் சென்னையும் ஒன்றாயிற்று.

கருவி என்னவோ மிக எளியது. தரையிலிருந்து ஏறத்தாழ ஓரடி உயரத்தில் வாய் திறந்திருக்கும் ஓர் உருளைப் பாத்திரம். அதற்குள் விழுந்த நீரை ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, முந்தின இருபத்துநான்கு மணி நேரத்து மழையை அன்றைய தேதியில் பதிவு செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் தெற்கத்திக் குடியானவர்கள் ஓர் உழவு மழை, ஈருழவு மழை என்று ஏர் இறங்கும் ஈரத்தைக்கொண்டு மழையை அளந்தார்கள். மண்ணுக்குள் போனதை அளப்பது அந்த முறை, வானத்திலிருந்து வந்ததை அளப்பது இந்த முறை. இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை.

உலக வானிலை அமைப்பு வகுத்த சம்பிரதாயப்படி, தொடர்ந்த முப்பது வருஷங்களின் அளவுகளைக் கூட்டி முப்பதால் வகுத்தால் வருவதே இயல்பளவு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த முப்பதும் முன்னே நகரும். 1981 முதல் 2010 வரை என்றிருந்தது இப்போது 1991 முதல் 2020 வரை என்றாகியிருக்கிறது. நம் நாட்டு வானிலைத் துறையார் பருவமழைக்கு ஐம்பது வருஷத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். நாடு முழுமைக்குமான தென்மேற்குப் பருவமழையின் இயல்பளவு 1961-2010 கணக்கில் 880.6 மில்லிமீட்டராக இருந்தது, 1971-2020 கணக்கில் 868.6 ஆகிவிட்டது; மேகம் ஒரு துளி கூட்டிப் பெய்யாமலே, கணக்குப் புத்தகத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பற்றாக்குறை தீர்ந்துபோன விந்தை இது.

இனி 2015-ஆம் வருஷத்து நவம்பருக்கு வருவோம். நுங்கம்பாக்கத்தில் அந்த மாதத்தின் இயல்பளவு நானூறு மில்லிமீட்டரை ஒட்டியது, பெய்ததோ 1,049. இயல்பைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அதற்கு முன் அப்படியொரு நவம்பரைக் காண வேண்டுமானால் 1918-க்குப் போகவேண்டும். அப்போது 1,088 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியுள்ள ஒரு வீட்டின்மேல் 2015 நவம்பரில் விழுந்த நீரைக் கணக்கிட்டால் சுமார் 97,000 லிட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரிகள் எட்டு, வாசலில் வரிசையாக வந்து நின்றதற்குச் சமானம். அவற்றில் எத்தனை லாரி கிணற்றில் இறங்கிற்று, எத்தனை லாரி தெருவோடு போயிற்று என்பதை அவரவர் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம்.

முப்பது நவம்பர்களுக்குள் இப்படி ஒன்று புகுந்துகொண்டால் சராசரி என்னவாகும்? மிகையாகப் பெய்த அறுநூற்றைம்பதை முப்பதால் வகுத்துப் பாருங்கள், இருபத்தொன்றுக்கும் மேல் வருகிறது. அந்த ஒரு மாதத்தின் காரணமாகவே, முப்பது வருஷத்து இயல்பளவு ஒரு நல்ல மழைநாள் அளவுக்கு உயர்ந்துவிடும். அப்புறம் சாதாரணமாகப் பெய்கிற நவம்பர்களெல்லாம் கொஞ்சம் குறைவாகப் பெய்ததாகவே கணக்கில் தோன்றும்.

வெப்பத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. சென்னையில் நவம்பர் மாதத்துப் பகல் வெப்பம் வருஷா வருஷம் முப்பது டிகிரியை ஒட்டியே நிற்கும்; மாதச் சராசரி இரண்டு டிகிரி விலகினாலே அது செய்தி. மழையின் சுபாவம் வேறு. வடகிழக்குப் பருவத்தில் நமக்கு வருகிற நீரில் பெரும்பகுதி, வங்கக் கடலில் உண்டாகிற சில காற்றழுத்தத் தாழ்வுகள் கொண்டுவந்து கொட்டுவது. அவற்றில் ஒன்று வடக்கே நெல்லூர்ப் பக்கம் திரும்பினாலும், தெற்கே இலங்கையைத் தழுவிக்கொண்டு போனாலும், சென்னையின் மாதக் கணக்கே மாறிவிடும். ஆகவே இயல்பளவுக்குச் சரியாகப் பெய்த நவம்பரைத் தேடுவது, குடும்பத்துக்குச் சராசரி மூன்றரைப் பேர் என்று படித்துவிட்டு அரை ஆளைத் தேடிப் புறப்பட்டது போலத்தான்.

இந்தச் சங்கடத்தை வானிலைத் துறையார் அறியாதவர்கள் அல்லர். இயல்பளவுக்கு மேலும் கீழும் 19 சதவீதம் வரை விலகினாலும் 'இயல்பு' என்றே எழுதுகிறார்கள். 20 முதல் 59 வரை மிகை அல்லது குறைவு. 60-ம் அதற்கு அப்பாலும் பெருமிகை அல்லது பெருங்குறைவு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மாதம் முழுவதும் பரவிப் பெய்த மழைக்கும், நான்கே நாளில் கொட்டித் தீர்த்த மழைக்கும் அந்தச் சதவீதத்தில் வித்தியாசம் தெரியாது. வயலுக்கும் சாக்கடைக்கும் தெரியும்.

நாள்காட்டி போடுகிற வேலி இன்னொரு வேடிக்கை. சென்னையை மூழ்கடித்த பெருமழை அந்த 1,049-க்குள் இல்லவே இல்லை. டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த நாளில் நுங்கம்பாக்கத்தில் 294 மில்லிமீட்டர், மீனம்பாக்கத்தில் 345, தாம்பரத்தில் ஏறத்தாழ 490 என்று பதிவான அந்த மழை டிசம்பர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. நவம்பர் 30-ஆம் தேதி மாலையில் ஒருவர் பஸ் நிறுத்தத்தில் நனைந்திருந்தால், கணக்குப்படி அவர் நனைந்ததுகூட டிசம்பர் மழையில்தான். நுங்கம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே இருந்த அந்த இருநூறு மில்லிமீட்டர் வித்தியாசத்தையும் பாருங்கள். ஒரே நகரம், ஒரே இரவு.

2015-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாடு முழுமைக்கும் மழை இயல்பைவிட 53 சதவீதம் அதிகம். மறு வருஷம், 2016-இல், 62 சதவீதம் குறைவு. முந்தின வருஷம் படகில் ஏறிய ஜனங்கள் மறு வருஷம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இரண்டு வருஷத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாலரை சதவீதம் குறைவு என்று வருகிறது. துறையின் அகராதிப்படி அதற்குப் பெயர் 'இயல்பு'. வருகிற கார்த்திகையில் பத்திரிகையில் அந்தச் சதவீத வரியைப் பார்க்கும்போது, எத்தனை நாளில் பெய்தது, எந்த மானியில் விழுந்தது என்ற இரண்டு விவரங்களும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆசிரியருக்கு ஒரு கார்டு போடுங்கள்.