ஒரே ஊருக்கு ஏன் இத்தனை ரயில் கட்டணம்?

சேலத்திலிருந்து சென்னைக்குக் கைப்பேசியில் டிக்கெட் தேடுகிறீர்கள். ஒரே ஊர், ஒரே தேதி. ஆனால் ஏழெட்டு விலைகள் வந்து நிற்கின்றன. எதை எடுத்தால் காசு மிச்சம் என்று தெரியாமல், கண்ணில் முதலில் பட்டதை எடுத்துவிடுகிறோம்.

இந்தக் குழப்பம் தீரக்கூடியதுதான். ரயில் கட்டணத்தைத் தீர்மானிப்பவை மூன்று: ரயிலின் எண், பெட்டியின் வகுப்பு, பயணத் தூரம். இவற்றைப் படிக்கப் பழகிவிட்டால் போதும்.

ரயில் எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? அதன் தொடக்கத்தைப் பாருங்கள். 12, 20, 22 என்று தொடங்கினால் அது சூப்பர்ஃபாஸ்ட் (சராசரியாக மணிக்கு 55 கி.மீ. அல்லது அதற்கு மேல் ஓடும் ரயில்). அதற்குத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. 16, 17 என்று தொடங்கினால் சாதாரண எக்ஸ்பிரஸ். அந்தக் கூடுதல் இல்லை. 5, 6, 7 என்று தொடங்குபவை பாசஞ்சர், மெமு, டெமு வகை. இவைதான் எல்லாவற்றிலும் மலிவு.

நாமக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் பழனி எக்ஸ்பிரஸின் எண் 22651. பெயரில் வெறும் 'எக்ஸ்பிரஸ்' என்று இருந்தாலும் அது சூப்பர்ஃபாஸ்ட். பெங்களூரிலிருந்து சேலம், நாமக்கல், கரூர் வழியாக நாகர்கோவில் போகும் ரயிலின் எண் 17235. அதில் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் கிடையாது. பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்.

எண் 0-வில் தொடங்கினால்? அது சிறப்பு ரயில். பண்டிகை நாட்களில் விடப்படும் இவற்றில் பலவற்றுக்குச் சிறப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். அடிப்படைக் கட்டணத்தின் மேல் இரண்டாம் வகுப்புக்கு 10 சதவீதம், மற்ற வகுப்புகளுக்கு 30 சதவீதம் கூடும். வழக்கமான ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் தொகை முழுவதும் பயணத்துக்குத்தானா? இல்லை. ஒரு சூப்பர்ஃபாஸ்ட் ரயிலின் ஸ்லீப்பர் டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் முதலில். அதன் மேல் முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் 30 ரூபாய். ஏசி சேர் காரில் இவை 40, 45 ரூபாய். போதாததற்கு 5 சதவீத ஜிஎஸ்டி வரி. ஸ்லீப்பருக்கு அந்த வரி இல்லை.

ஐஆர்சிடிசி (ரயில்வேயின் இணைய முன்பதிவு நிறுவனம்) மூலம் எடுத்தால் சேவைக் கட்டணமும் சேரும். யுபிஐ மூலம் பணம் கட்டினால் ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய். கார்டு போன்ற மற்ற வழிகளில் 15, 30 ரூபாய். இதன் மேலும் 18 சதவீத வரி உண்டு. இந்தச் சேவைக் கட்டணம் ஆளுக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரே டிக்கெட்டில் ஸ்லீப்பர் போட்டு யுபிஐயில் கட்டினால் 11 ரூபாய் 80 காசு. நான்கு டிக்கெட்டாகப் போட்டால் 47 ரூபாய் 20 காசு. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். ஸ்டேஷன் கவுன்டரில் எடுத்தால் இந்தச் சேவைக் கட்டணமே இல்லை.

வந்தே பாரத், சதாப்தி ரயில்களில் சாப்பாட்டுக் காசும் விலைக்குள் சேர்ந்திருக்கும். முன்பதிவு செய்யும்போதே 'உணவு வேண்டாம்' என்று தேர்ந்தெடுத்தால் அந்தத் தொகை கழியும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பக்கத்து ஊருக்குப் போகிறீர்களா? அப்படியானால் வகுப்பில் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தபட்சத் தூரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஸ்லீப்பருக்கு 200 கி.மீ., ஏசி சேர் காருக்கு 150 கி.மீ., மூன்றடுக்கு ஏசிக்கு 300 கி.மீ. சேலத்திலிருந்து ஈரோடு சுமார் 60 கி.மீ.தான். அதற்கு ஸ்லீப்பர் எடுத்தால் 200 கி.மீ.க்கான காசைக் கட்டுகிறீர்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஜெனரல் டிக்கெட் (முன்பதிவில்லா டிக்கெட்) அல்லது பாசஞ்சர்தான் சரி.

பாசஞ்சரிலும் முப்பது ரூபாய் வாங்கினார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களை எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டியதால் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரியில் அதை மீண்டும் 10 ரூபாய்க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேருந்துக்குப் பழகிப்போனவர்கள் கரூர், விருத்தாசலம் பக்கம் போகும் பாசஞ்சர்களின் நேரத்தை இன்னொரு முறை பாருங்கள்.

டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து எடுத்தால் விலை குறையும் என்கிறார்களே? இங்கிலாந்தில் அப்படி மிச்சம் பிடிக்கிறார்கள். நம் ஊரில் அது நஷ்டம். இந்திய ரயில்வேயில் தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான விலை குறைந்துகொண்டே போகும். சேலத்திலிருந்து காட்பாடி வரை ஒன்று, அங்கிருந்து சென்னைக்கு ஒன்று என்று எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் இரண்டு முறை விழும். ஆகவே, ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

சீக்கிரம் எடுத்தால் விலை குறையுமா? விமானம்போல் இல்லை. பெரும்பாலான ரயில்களில் முதல் நாள் எடுத்தாலும் கடைசி நாள் எடுத்தாலும் ஒரே விலைதான். சதாப்தி, ராஜதானி, துரந்தோ வகை ரயில்களில் மட்டும் 2016 செப்டம்பரில் விலை ஏறும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இடங்கள் நிரம்ப நிரம்ப அடிப்படைக் கட்டணம் படிப்படியாகக் கூடும்.

அப்படியானால் ஏன் அவசரப்பட வேண்டும்? தட்கல் (கடைசி நேர முன்பதிவு) செலவைத் தவிர்க்கத்தான். ஸ்லீப்பரில் தட்கலுக்கு மட்டும் கூடுதலாக 100 முதல் 200 ரூபாய் வரை போகும். மூன்றடுக்கு ஏசியில் 300 முதல் 400 வரை. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. 'பிரீமியம் தட்கல்' என்பது இன்னும் மேலே. அதில் கேட்பவர் கூடக் கூட விலை ஏறும்.

2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு ஜனவரி 13-இல் ஊருக்குக் கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 14 காலை 8 மணிக்கே போட வேண்டும். நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.

தினமும் போய் வருபவர்களுக்கு என்ன வழி? அவர்களுக்குத்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. 2013-இல் சேலம் – கரூர் பாதை திறந்த பிறகுதான் நாமக்கல்லுக்கு ரயில் வந்தது. அதனாலோ என்னவோ, சீசன் டிக்கெட் (மாதம் முழுதும் செல்லும் பயணச் சீட்டு) எடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் பரவலாகவில்லை. 150 கி.மீ. வரை அதை வாங்கலாம்.

கணக்கைப் பாருங்கள். மாத சீசனின் விலை, இரண்டாம் வகுப்பில் ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணங்களின் விலை. மாதம் 25 நாள் வேலைக்குப் போய் வந்தால் 50 பயணங்கள். பதினைந்துக்குக் காசு கொடுத்து ஐம்பது முறை போகிறீர்கள். மூன்று மாத சீசன் மூன்று மடங்கு இல்லை, 2.7 மடங்குதான். மாணவர்களுக்குப் பாதி விலை. 12-ஆம் வகுப்பு வரை மாணவர்களுக்கும், பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கும் வீட்டிலிருந்து கல்வி நிலையம் போய்வர இலவச மாத சீசனே உண்டு. பள்ளி அல்லது கல்லூரி தரும் சான்றோடு ஸ்டேஷனில் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: சீசனை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ வந்தே பாரத்திலோ ஏறக் கூடாது. பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் போக, சீசனோடு அதற்கான கூடுதல் கட்டணத்தையும் தனியாகக் கட்டியிருக்க வேண்டும்.

முதியோர் சலுகை இப்போது இருக்கிறதா? இல்லை. 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயது பெண்களுக்கு 50 சதவீதமும் கிடைத்த தள்ளுபடியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். பெரியவர்களை வெயிலிலும் மழையிலும் பேருந்துக்கு நிற்க வைக்காத சலுகை அது. திரும்ப வர வேண்டும். மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட நோய்களுக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், மாணவர்கள் ஆகியோருக்கான சலுகைகள் தொடர்கின்றன. புற்றுநோய் சிகிச்சைக்குச் சென்னை போகும் குடும்பங்கள், மருத்துவமனையில் சான்று கேட்டு வாங்க மறக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு? ஐந்து வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காவிட்டால் இலவசம். 5 முதல் 12-க்குள் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ஸ்லீப்பரில் சின்னப் பிள்ளையை மடியில் கிடத்திக்கொள்ள முடியுமென்றால் பாதி மிச்சம்.

கைப்பேசி பழகாத அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுத் தாத்தா ஆகியோர்தான் டிக்கெட் எடுத்துத் தருபவர் சொன்ன தொகையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிறார்கள். டிக்கெட்டில் கட்டணம் அச்சாகியிருக்கும் இடத்தை அவர்களுக்கு விரல் வைத்துக் காட்டுங்கள். ரயில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.