ரூபாய்க்குப் பத்துப் பைசா

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. நூலகத்தில் மின்விசிறி சுற்றாததால் வாசகர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவன் அன்று செய்தித்தாளை மடக்கி என் பக்கம் தள்ளினான்.

"பாருங்கண்ணே. மதுரைக்கு நூலகம், கோவைக்கு நூலகம், திருச்சிக்கு நூலகம். நமக்கு மழை பெஞ்சா ஒழுகுற கூரை, ரெண்டு வருஷமா ஓடாத ஃபேன். அரசாங்கம் பாத்து ஏதாவது செஞ்சாத்தான் உண்டு."

"தம்பி, நூலகச் சட்டம் எந்த வருஷம்?" என்று கேட்டேன்.

"1948. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம், மெட்ராஸ் மாகாணத்துல. ஒரு மார்க் கேள்விண்ணே." கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"சரி, உங்க வீட்டு வரி ரசீது எங்க இருக்கு?"

இதற்கு அவனிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டான். தங்கை படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கம்பியில் குத்தி வைத்திருந்த ரசீது என்பதால் நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே இரண்டு வரிகள்: வீட்டு வரி ரூ.300. நூலக வரி ரூ.30.

படத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தான். "இதுக்கு நாங்க காசு கட்டுறோமாண்ணே?"

கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் வீடோ கடையோ வைத்திருக்கிற எல்லாரும் கட்டுகிறார்கள். சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலகத்துக்கென்று தனியாக வசூலாகிறது. தம்பி வீட்டுக் கணக்கில் அது எங்கள் கடை விலைக்கு வருடத்துக்கு இரண்டு டீ. தனியாகப் பார்த்தால் அற்பக் காசுதான். ஆனால் 1,500 வீடு இருக்கிற ஊரில் வீட்டுக்கு முப்பது ரூபாய் என்றாலே 45,000 ரூபாய் சேர்ந்துவிடும். ஒரு மாவட்டத்துக்கே இப்படிக் கூட்டிப் பார்த்தால் தெரியும், சிறு துளி என்று நம் ஆட்கள் எதைச் சொன்னார்கள் என்று.

இந்தப் பத்துப் பைசா சும்மா வந்ததில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். புத்தகத்தை அடுக்குவதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. புத்தகம் ஊர் ஊராகப் போக வேண்டும், அதற்கு நிலையான வருமானம் வேண்டும் என்று விடாமல் பேசியவர் அவர். 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். ஆனால் தனி மனிதரின் தாராளத்தை நம்பி எத்தனை வண்டி ஓட்ட முடியும்? கொடையாளி இருக்கும்வரை வண்டி ஓடும். அதனால்தான் சட்டம் கேட்டார்கள். 1930-களில் வந்த ஒரு மசோதா கரை சேரவில்லை. கடைசியில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948-இல் சட்டம் நிறைவேறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது.

அன்று வைத்த வரி ரூபாய்க்கு 6 தம்பிடி. இன்றைய பைசா இல்லை, பழைய தம்பிடிக் கணக்கு. அதாவது ரூபாய்க்கு அரையணா. பிறகு படிப்படியாக ஏறி இன்றைக்குப் பத்துப் பைசாவில் நிற்கிறது. ஆந்திராவில் 8 பைசா, கர்நாடகத்தில் 6, கேரளத்தில் 5. மகாராஷ்டிரமும் மேற்கு வங்கமும் நூலகச் சட்டம் போட்டன, வரி போடவில்லை. அங்கே நூலகம் ஆண்டுதோறும் பட்ஜெட்டின் முகத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். இங்கே பட்ஜெட் எப்படி இருந்தாலும் இந்தக் காசு வந்தாக வேண்டும். சொத்து வரி கூடினால் இதுவும் கூடும். 2022-இல் நகரங்களில் சொத்து வரி உயர்ந்தபோது, நூலக வரியும் அதன் தோளில் ஏறிக்கொண்டு தானாக உயர்ந்தது.

"அப்ப ஃபேன் ஏண்ணே ஓடல?" என்றான் தம்பி. கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டாவது டீ சொல்லிவிட்டு, காசு போகும் வழியை மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினேன்.

வரியை வசூலிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. ஆனால் அந்தக் காசு அவர்களுடையது இல்லை. வாங்கி, மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆணைக்குழுவின் நூலக நிதியில் அது சேரும். நாளிதழ், மின்கட்டணம், வாடகை, பராமரிப்பு என்று அன்றாடம் ஓடுவதெல்லாம் அந்த நிதியை நம்பித்தான். இது போக, சென்னை நீங்கலாக மற்ற இடங்களில் வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காகத் தர வேண்டும் என்று 1948 சட்டமே எழுதி வைத்தது.

இந்த வழியில் தண்ணீர் தேங்கும் இடம் இரண்டு. முதலாவது ஒப்படைப்பு. வசூலித்த அமைப்புக்கே ஆயிரம் கஷ்டம் இருக்கும்: குடிநீர் மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு, துப்புரவுப் பணியாளர் சம்பளம். நூலக வரி அவர்கள் கணக்கில்தான் முதலில் வந்து விழுகிறது. 'அடுத்த மாசம் அனுப்பிக்கலாம்' என்று தொடங்குவது வருடக் கணக்கில் நிலுவையாகிவிடும். செய்தித்தாளில் 'நூலக வரி நிலுவை' என்று அடிக்கடி வருகிறதே, அது இதுதான். வீட்டுக்காரர் கட்டாமல் வைத்த பாக்கி என்று நினைத்து நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பல நேரம் அது நாம் கட்டி, நடுவழியில் நின்றுபோன காசு.

இரண்டாவது, மேடு பள்ளம். பெரிய கட்டடமும் கடைவீதியும் உள்ள மாவட்டத்தில் வரி கொட்டும். ஓட்டு வீடும் வானம் பார்த்த பூமியுமான மாவட்டத்தில் சொட்டும். நிதி மாவட்ட அளவில் நிற்பதால், அங்கே நிரம்பி வழிந்தாலும் இங்கே தானாகப் பாயாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மாநில அரசின் மானியம் வேண்டியிருக்கிறது.

"மதுரைக்கு மட்டும் எப்படிக் கோடிக்கணக்குல?" என்றான்.

அது வேறு பை. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவை மாநில பட்ஜெட்டின் மூலதனச் செலவில் எழுந்தவை. உங்கள் வீட்டு முப்பது ரூபாய் அங்கே போகவில்லை. அந்தப் பையிலிருந்து எடுத்து எங்கள் ஊர்க் கூரைக்கு ஓடு போடவும் முடியாது. பெரிய நூலகத்தைத் திட்டி நம் நூலகத்துக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பைக்கும் ஒரு பலவீனம் உண்டு, அரசு மாறினால் மனசும் மாறலாம். 2011-இல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அப்போதைய அரசு முடிவெடுத்தது. உயர் நீதிமன்றம் தடை போட்டதால்தான் அது இன்றும் நூலகமாக நிற்கிறது. ரசீதில் இருக்கிற பத்துப் பைசா அப்படியில்லை. எந்த ஆட்சி வந்தாலும் சட்டம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

செய்தியைப் படிக்கும்போதும் ஒரு நிதானம் வேண்டும். 'அறிவித்தார்' என்பது முதல் படி. சட்டமன்றத்தில் பள்ளிக்கல்வித் துறை மானியக் கோரிக்கை வரும்போது நூலக அறிவிப்புகள் வரும், கைதட்டலும் வரும். அதன்பிறகு அரசாணை வெளிவர வேண்டும். அதில் நிர்வாக ஒப்புதலும் தொகையும் இருக்க வேண்டும். பிறகு நிதி விடுவிப்பு, ஒப்பந்தப்புள்ளி, வேலை. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எத்தனை இருக்கிறதோ அத்தனை இதிலும் இருக்கிறது. ஆகவே, 'அறிவிச்சாங்களே, என்னாச்சு?' என்று பொதுவாகக் கேட்காமல், 'அரசாணை எண் என்ன?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, ஒழுகுகிற கூரைக்கு எந்தக் கதவைத் தட்டலாம்? தம்பி நோட்டை எடுத்துக்கொண்டான். தேர்வுக்குப் படிக்கிற பையன், குறிப்பு எடுக்காமல் எதையும் கேட்க மாட்டான்.

முதலில் இடம். கட்டடம் கேட்டுப் போனால் முதலில் வரும் கேள்வி 'சொந்த இடம் இருக்கா?' என்பதுதான். வாடகைக் கட்டடத்தில் அரசுப் பணத்தைக் கொட்ட முடியாது. ஊரில் யாராவது நான்கு சென்ட் தானமாகத் தரலாம், அல்லது ஊராட்சி இடம் ஒதுக்கித் தீர்மானம் போடலாம். காந்தி ஜெயந்தி அன்று கூடுகிற கிராம சபையில் எழுந்து நின்று பேச வேண்டிய விஷயம் இது.

இரண்டாவது, நமக்கு நாமே திட்டம். வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் போட்டால், மிச்சத்தை அரசு போடுகிறது. மூன்று லட்ச ரூபாய் வேலை என்றால் ஊர் ஒரு லட்சம் திரட்ட வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், அரிசி ஆலைக்காரர் என்று பத்துப் பேர் மனசு வைத்தால் ஆகிற காரியம்.

மூன்றாவது, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி. எத்தனையோ ஊர்களில் நூலகக் கட்டடத்தின் வாசலில் இந்த நிதியின் பெயர் கல்லில் இருக்கும். ரோடு கேட்டு நூறு மனு போகிற இடம் அது. நூலகம் கேட்டுப் போகிற மனு குறைவு என்பதே நமக்கு ஒரு வசதி.

நான்காவது, கொல்கத்தாவில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழ் 1972-இல் தொடங்கியது. அதன் உதவி இரண்டு விதம். ஒன்றில் மாநிலம் ஒரு பங்கு போட, அறக்கட்டளை தன் பங்கைச் சேர்க்கும். புத்தகம், அலமாரி, கட்டடம் போன்றவற்றுக்கு இது உதவும். மற்றொன்றில் மாநிலப் பங்கு தேவையில்லை, முழுக்க அவர்கள் பணம். சங்கங்கள் நடத்தும் நூலகம், குழந்தைகள் நூலகம், ஐம்பது, நூறு ஆண்டு கண்ட பழைய நூலகம் ஆகியவை இதில் கேட்கலாம். நூலகங்களுக்குத் தெரிந்திருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத கதவு இது.

ஐந்தாவது, நம் கையிலேயே இருப்பது. கிளை நூலகத்தில் ஆயிரம் ரூபாய் செலுத்தினால் புரவலர். ஐயாயிரம் என்றால் பெரும் புரவலர், பத்தாயிரம் என்றால் கொடையாளர். பெயரைப் பலகையில் எழுதி வைப்பார்கள். எங்கள் நூலகப் பலகையில் இருக்கும் பெயர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. பெயர் மட்டும் வெள்ளை பெயிண்டில் பளிச்சென்று இருக்கிறது.

"இதெல்லாம் யார் செய்வாங்கண்ணே? நூலகர் ஒரே ஆளு. பாவம், அவரே கதவைத் திறந்து, கூட்டி, கையெழுத்து வாங்கி, பூட்டிட்டுப் போறாரு."

அதற்குத்தான் வாசகர் வட்டம். நூலகர் அரசு ஊழியர், மேலதிகாரியை எதிர்த்து நிலுவைக் கணக்கு கேட்க அவரால் முடியாது. வாசகர் வட்டத்தால் முடியும். மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்கலாம், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கலாம், கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். அதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் உண்டு. கணக்கு தெரியாமல் போய் நின்றால் யாசகம். கணக்கோடு போனால் பாக்கி கேட்பது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, இரண்டே கேள்வி கேட்டால் போதும்: கடந்த ஐந்து ஆண்டில் இந்த ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு? அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு? முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

இரண்டாவது டீயும் ஆறிவிட்டிருந்தது. தம்பி நோட்டை மூடிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை கையில் ஒரு கம்பியோடு வந்தான். வீட்டு உத்தரத்தில் தொங்கிய ரசீதுக் கம்பி, அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தான். அடியில் இருப்பவை பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து கிடந்தன. அவன் தாத்தா பெயரில் சில, அப்பா பெயரில் பல. ஒவ்வொன்றாக எண்ணி நூலக வரியை மட்டும் கூட்டினான்.

"எல்லாம் சேத்து நானூத்திச் சொச்சம்தாண்ணே வருது."

"அதுக்கு ஒரு ஃபேன் வராது. ரெக்கை வேணா வரும்," என்றேன்.

சிரிக்கவில்லை. கம்பியை மேசைமேல் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தான். டீக்கடைக்காரர் வீடு, பக்கத்து மளிகைக் கடை, எதிர்ச் சாரியில் மெத்தை வீடு என்று அவன் விரல் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது. தெருமுனைவரை எண்ணி முடித்துவிட்டுத் திரும்பி, "கோர்ட் ஸ்டாம்ப் எந்தக் கடைலண்ணே கிடைக்கும்?" என்றான்.